வெளிறிய சிவப்பு வைனும் கொம்பில் புதைத்த எருவும்: யாழ்ப்பாணத்து முந்திரிகைப் பந்தலிலிருந்து ஒரு பார்வை

சுவிஸிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினர் ஒருவர் ஒரு போத்தல் கொண்டு வருகிறார். சிவப்பு வைன் என்கிறார். கிளாசில் ஊற்றினால் மாதுளஞ்சாறு போல வெளிறித் தெரிகிறது; கிளாசின் மறுபக்கத்தில் பிடித்திருக்கும் விரல் தெரிகிறது. தண்ணீர் கலந்ததா என்று வீட்டில் ஒருவர் கேட்பார். இன்னொருவர் லேபலைத் திருப்பி 'பயோடைனமிக்' என்ற சொல்லை வாசிப்பார். அதைக் கைபேசியில் தேடினால், பசுவின் கொம்பில் சாணம் அடைத்து மண்ணில் புதைக்கிறார்கள் என்று வரும். இது விவசாயமா, மாந்திரீகமா என்ற குழப்பம் அங்கே தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்திலும் பந்தல் போட்டு முந்திரிகை வளர்க்கிறோம். தமிழ்நாட்டில் திராட்சை என்பதைத்தான் நாங்கள் முந்திரிகை என்கிறோம். அதனால் இந்தக் குழப்பம் போத்தலோடு முடிகிற ஒன்றல்ல. அந்த முறையில் எங்கள் தோட்டங்களுக்கு எடுக்கக்கூடியது ஏதும் உண்டா என்பதுதான் பெரிய கேள்வி. முதலில் நிறத்திலிருந்து தொடங்குவோம்.

சிவப்பு, தோலில் இருக்கிறது

கறுப்பு முந்திரிகைப் பழம் ஒன்றை உரித்துப் பாருங்கள். தோல் மட்டும்தான் கறுப்பு. உள்ளே சதை வெளிர்பச்சை, சாறு கிட்டத்தட்ட நிறமற்றது. பழத்தைப் பிழிந்து தோலை எறிந்துவிட்டால், கறுப்புப் பழத்திலிருந்தே வெள்ளை வைன் செய்யலாம். தோலோடும் விதையோடும் சேர்த்து நொதிக்க விடும்போதுதான் வைன் சிவக்கிறது.

தோலிலிருந்து இரண்டு பொருட்கள் இறங்குகின்றன. ஒன்று அந்தோசயனின் என்ற நிறப்பொருள். நாவற்பழம் தின்றபின் நாக்கு ஊதாவாகிறதே, அதே குடும்பத்து நிறம். மற்றது தனின். நாவற்பழத்தின் கயர்ப்பை நினைத்தால் போதும்: நாக்கையும் பல்முரசையும் இழுத்துப் பிடிக்கிற அந்த உணர்வுதான் தனினின் வேலை. தனின் தோலில் மட்டுமல்ல, விதையிலும் காம்பிலும் உண்டு.

இப்போது 'இலேசான' சிவப்பு வைன் எப்படி உண்டாகிறது என்று பார்க்கலாம்.

1. பழத்தின் இனம். பினோ நுவார், கமே போன்ற இனங்களின் பழத்தில் நிறப்பொருள் குறைவு. எவ்வளவு ஊறவிட்டாலும் மை போலக் கறுக்காது.

2. தோல் ஊறும் காலம். கனமான வைனுக்கு இரண்டு, மூன்று கிழமைகூடத் தோல் சாற்றில் கிடக்கும். இலேசான வைனுக்குச் சில நாட்களிலேயே வடித்துவிடுவார்கள். நிறம் முதல் நாட்களிலேயே இறங்கிவிடும். விதையின் கயர்ப்பு இறங்கத்தான் காலமும் அற்ககோலும் வேண்டும். ஆகவே முந்தி வடித்தால் மணம் கிடைக்கும், கயர்ப்பு குறையும்.

3. பழத்தின் சீனி. ஒரு லீற்றர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சீனி நொதித்தால் 1 வீதம் அற்ககோல் வரும். 12 வீதம் வேண்டுமானால் லீற்றருக்குச் சுமார் 204 கிராம் சீனி பழத்திலேயே இருக்க வேண்டும். பழத்தைச் சற்று முந்திப் பறித்தால் சீனி குறைவு, புளிப்பு கூடுதல். இலேசான சிவப்பு வைன்கள் பெரும்பாலும் 11 முதல் 12.5 வீதத்துக்குள் நிற்பது இதனால்தான்.

4. வைத்திருக்கும் பாத்திரம். புது ஓக் மரப் பீப்பா தன் பங்குக்குத் தனினும் கருகல் மணமும் கொடுக்கும். எவர்சில்வர் தாங்கியும் பழைய பீப்பாவும் எதையும் சேர்ப்பதில்லை.

தண்ணீர் கலந்ததா என்ற சந்தேகத்துக்கு இதுவே பதில். தண்ணீர் ஊற்றி வைனைப் பெருக்குவதை ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் தடுக்கிறது. வெளிறிய நிறம் செய்தவர் தெரிந்து எடுத்த முடிவு.

கலவை ஏன்? ஒரு குடும்பத்தின் கதை

கலவை வைன் என்றால் மிஞ்சியதை எல்லாம் ஊற்றிச் சேர்த்தது என்ற எண்ணம் எங்களிடம் உண்டு. அது சரியல்ல. ஒஸ்திரியாவின் கிழக்கு ஓரத்தில், ஹங்கேரி எல்லையை ஒட்டிய புர்கன்லாந்து மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே நொய்சீட்லர் என்றொரு ஏரி. பரந்து கிடந்தாலும் ஆழம் இரண்டு மீற்றரைத் தொடாது; கரையெல்லாம் நாணல். எங்கள் கடனீரேரியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாத இடம். அந்த ஏரியின் பக்கத்துப் பம்ஹாகன் ஊரில் மிக்லிட்ஸ் குடும்பம் நடத்தும் மைன்கிளாங் பண்ணை பயோடைனமிக் முறையில் இயங்குகிறது. முந்திரிகையோடு தானியமும் உண்டு, மாட்டு மந்தையும் உண்டு. அந்த வட்டாரத்து இலேசான சிவப்புக் கலவையில் வழக்கமாகச் சேரும் பழங்கள் மூன்று: ஸ்வைகெல்ட், ப்ளௌஃபிராங்கிஷ், சங்க்த் லவுரென்ட்.

இந்த மூன்றும் உண்மையிலேயே ஒரு குடும்பம். 1922இல் குளோஸ்டர்நொய்புர்க் வைன் கல்லூரியில் ஃபிரீட்ரிக் ஸ்வைகெல்ட் என்பவர் சங்க்த் லவுரென்டையும் ப்ளௌஃபிராங்கிஷையும் கலப்புச் செய்து பெற்ற பிள்ளைதான் ஸ்வைகெல்ட். தாயும் தகப்பனும் பிள்ளையும் ஒரே போத்தலுக்குள் வருகிறார்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஸ்வைகெல்ட் செரிப்பழ மணத்தையும் மென்மையையும் கொடுக்கிறது, விளைச்சலும் நம்பிக்கையானது. ப்ளௌஃபிராங்கிஷ் புளிப்பையும் மிளகு போன்ற காரத்தையும் கொடுத்து வைனை நிமிர்த்திப் பிடிக்கிறது. சங்க்த் லவுரென்ட் அடர்ந்த மணமுள்ளது, ஆனால் பூக்கும் காலத்தில் குளிர் தாங்காமல் பூவை உதிர்த்துவிடும். ஒரு வருடம் நிறையக் காய்த்தால் அடுத்த வருடம் ஏமாற்றும். கலவையின் பயன் அங்கேதான் தெரிகிறது. ஒரு இனம் கைவிட்ட வருடத்தை மற்ற இரண்டும் தாங்கும். பூச்சிமருந்தாலும் பசளையாலும் விளைச்சலைத் தூக்கி நிறுத்த முடியாத பண்ணைக்கு இது பெரிய காப்பு.

பயோடைனமிக் என்றால் என்ன?

தமிழில் 'உயிராற்றல் வேளாண்மை' என்று சொல்கிறார்கள். 1861இல் பிறந்த ருடோல்ஃப் ஸ்டைனர் என்ற ஒஸ்திரியச் சிந்தனையாளர், 1924 ஜூனில் கோபர்விட்ஸ் என்ற ஊரில் விவசாயம் பற்றி எட்டு விரிவுரைகள் நிகழ்த்தினார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. அவர் விவசாயி அல்ல, ஆன்மீகத் தத்துவவாதி. இரசாயனப் பசளை வந்தபின் மண்ணும் விதையும் மந்தையும் நலிகின்றன என்று முறையிட்ட பண்ணைக்காரர்களுக்காகப் பேசினார். அடுத்த வருடமே இறந்துவிட்டார். பின்வந்தவர்கள் அதை ஒரு முறையாக வளர்த்தார்கள். 1928இல் 'டிமீற்றர்' என்ற வணிகக்குறி உண்டானது. கிரேக்கரின் தானியத் தெய்வத்தின் பெயர் அது. லேபலில் தெரிவதும் அந்தக் குறிதான்.

இந்த முறைக்குள் ஒன்றோடொன்று பின்னிய மூன்று அடுக்குகள் இருக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் குழப்பம் தீரும்.

1. பண்ணை ஒரு முழு உடல். எரு, தீவனம், விதை எல்லாம் முடிந்தவரை உள்ளேயே உண்டாக வேண்டும். அதற்கு மாடு வேண்டும். செயற்கைப் பசளையும் களைநாசினியும் செயற்கைக் கிருமிநாசினியும் கிடையாது. முந்திரிகை வரிசைகளுக்கு இடையில் அவரை இனங்களும் புல்லும் விதைத்து மண்ணை மூடி வைப்பார்கள்.

2. தயாரிப்புகள். 500ஆம் எண் தயாரிப்பு என்பது பசுக் கொம்பில் சாணத்தை அடைத்து இலையுதிர் காலத்தில் புதைத்து, குளிர்காலம் கழிய எடுப்பது. எடுக்கும்போது சாண மணம் போய், ஈர மண்ணின் மணத்தோடு கறுத்து இருக்கும். அதை நீரில் போட்டு ஒரு மணித்தியாலம் கலக்குவார்கள்: ஒரு பக்கம் சுழற்றி நடுவில் குழி விழுந்ததும் மறுபக்கம் திருப்பி, அது கலங்கிக் குழம்பி மீண்டும் குழி விழும்வரை. பிறகு மண்ணில் தெளிப்பார்கள். 501 என்பது கொம்பில் அடைத்த பளிங்குத் தூள், இலையில் தெளிப்பது. 502 முதல் 507 வரை மூலிகைகள், கூட்டெருவில் சேர்ப்பவை.

3. நாள் பார்த்தல். மரியா தூன் என்ற ஜேர்மானியப் பெண்மணி 1960களிலிருந்து வெளியிட்ட விதைப்பு நாட்காட்டி, சந்திரன் நிற்கும் இராசியை வைத்து நாட்களை வேர் நாள், இலை நாள், பூ நாள், பழ நாள் என்று பிரிக்கிறது.

மூன்றாவதைப் படிக்கும் யாழ்ப்பாணத்து விவசாயிக்கு வியப்பு வராது. எங்கள் பஞ்சாங்கத்தில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள் என்று நட்சத்திரங்களைப் பிரித்திருக்கிறார்கள். கிழங்கை நடுவதற்குக் கீழ்நோக்கு நாள் பார்ப்பது இங்கே பழைய வழக்கம். ஐரோப்பியர் அதைப் புதுமையாகப் பேசும்போது, எங்கள் ஆச்சிமாருக்குத் தெரிந்த ஒன்றைத்தான் பேசுகிறார்கள்.

வைன் செய்யும் கொட்டகைக்கும் விதிகள் உண்டு. கடையில் வாங்கும் மதுவத்தை (ஈஸ்ட்) போடாமல், பழத்தோலிலும் கொட்டகையிலும் தானாக இருக்கும் மதுவத்தாலேயே நொதிக்க விடுவதுதான் பயோடைனமிக் வைனின் அடிப்படை. கள்ளைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாளையிலிருந்து முட்டிக்குள் சொட்டும்போதே காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் வேலையைத் தொடங்கிவிடுகிறது. சுண்ணாம்பு பூசித் தடுத்தால்தான் புளிக்காத கருப்பணி. அப்புறம் சல்பைற்று. வைன் பழுதாகாமல் காக்கச் சேர்ப்பது இது. சீனி மிஞ்சாத சிவப்பு வைனுக்கு ஐரோப்பியச் சட்டத்தின் உச்ச எல்லை லீற்றருக்கு 150 மில்லிகிராம், சேதன (இயற்கை முறை) வைனுக்கு 100, டிமீற்றர் வைனுக்கு 70.

'குடும்பப் பண்ணை' என்ற சொல்லை மட்டும் எந்தச் சான்றிதழும் காப்பதில்லை. அது லேபலில் இருந்தால் விளம்பரமாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம்.

எது வேலை செய்கிறது?

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். கொம்பெரு ஒரு ஹெக்டயருக்கு 100 கிராம் அளவில்தான் போகிறது. ஒரு ஹெக்டயர் எங்கள் கணக்கில் ஏறக்குறைய 40 பரப்பு. பரப்புக்கு இரண்டரைக் கிராம். இவ்வளவு சிறிய அளவு பசளையாக வேலை செய்ய முடியாது. அதை நம்புகிறவர்களும் அது பசளை என்று சொல்வதில்லை, மண்ணைத் தூண்டும் ஆற்றல் என்கிறார்கள். அந்த ஆற்றலை அளக்கும் வழி இல்லை, விளைவைத்தான் அளக்கலாம்.

அளந்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் பலர் வாழும் சுவிஸின் பாசல் நகருக்குப் பக்கத்திலுள்ள தேர்வில் ஊரில், 1978இல் தொடங்கிய வயல் ஆய்வு ஒன்று பயோடைனமிக், சேதனம், வழமையான முறை ஆகியவற்றைப் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளில் ஒப்பிடுகிறது. 21 வருட முடிவுகள் 2002இல் வெளியாயின. சேதன, பயோடைனமிக் துண்டுகளில் விளைச்சல் 20 வீதம் குறைவு. ஆனால் மண்ணில் புழுவும் நுண்ணுயிரும் கூடுதல், வெளியிலிருந்து போட்ட பசளையும் மிகக் குறைவு. அங்கே பயிர்கள் கோதுமையும் உருளைக்கிழங்கும் போன்றவை. முந்திரிகையில் பார்த்தது ஜேர்மனியின் கைசன்ஹைம். 2006 முதல் ரீஸ்லிங் கொடியில் நடந்த அந்த ஆய்வில், சேதனமும் பயோடைனமிக்கும் வழமையான முறையைவிடக் குறைவாக விளைந்தன. அவை இரண்டுக்கும் இடையில் வேறுபாடு மிகச் சிறிது.

ஆகவே பயனின் பெரும்பகுதி முதலாம் அடுக்கில் இருக்கிறது என்பதே என் முடிவு. மாட்டெரு, கூட்டெரு, மூடு பயிர், களைநாசினி இல்லாத மண். கொம்பும் இராசியும் அதற்குமேல் எதைச் சேர்க்கின்றன என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தெளிப்பதற்காகவும் நாள் பார்ப்பதற்காகவும் ஒருவர் ஒவ்வொரு வரிசையாக நடக்கிறார். நடப்பவர் நோயை முதல் இலையிலேயே காண்கிறார். அந்தக் கவனத்துக்கு நல்ல பலன் உண்டு என்று நான் முழுதாக நம்புகிறேன்.

பலவீனமும் உண்டு, அதன் பெயர் செப்பு. முந்திரிகையின் பெரிய எதிரி அடிச்சாம்பல் என்ற பங்கசு நோய். 1885இல் பேராசிரியர் மில்லார்டே பிரான்சின் போர்தோவில் மயில்துத்தமும் (செப்பு சல்பேற்று) சுண்ணாம்பும் கலந்த கலவை அதை அடக்கும் என்று காட்டினார். வழிப்போக்கர் பழம் பறிக்காமலிருக்க வேலியோரக் கொடிகளுக்கு அடித்து வந்த நீலக் கலவை அது. இன்றுவரை சேதன, பயோடைனமிக் தோட்டங்களின் முக்கிய மருந்தும் இதுவே. ஆனால் செப்பு உலோகம். மண்ணில் சிதையாது, சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவைப் பாதிக்கும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டயருக்கு 7 வருடத்தில் 28 கிலோ என்று எல்லை போட்டிருக்கிறது. டிமீற்றரின் எல்லை வருடத்துக்குச் சராசரி 3 கிலோ. மழை கூடிய வருடத்தில் இந்த எல்லைக்குள் நிற்பது கடினம்.

எங்கள் பந்தலில் இது நடக்குமா?

வைனாக நடக்குமா என்றால், அதே வைன் இங்கே வராது. காரணங்கள் தெளிவானவை.

1. ஒஸ்திரியக் கொடி குளிர்காலத்தில் உறங்கும், வருடத்துக்கு ஒரு தரம் காய்க்கும். யாழ்ப்பாணத்துக் கொடி உறங்குவதில்லை. கத்தரித்தால்தான் புதுத் துளிர் விட்டுப் பூக்கும்; கத்தரித்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் பறிக்கலாம். குளிர்காலத்தை மையமாக வைத்த கொம்பெருக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது.

2. இங்கே பெரும்பாலும் பயிராகும் 'இஸ்ரேல் புளூ' தின்னும் பழம். எங்கள் வெப்பத்தில் பழத்தின் புளிப்பும் எரிந்து போகிறது. வைனுக்கு வேண்டிய சீனி அந்தப் பழத்தில் போதாததால்தான் வீட்டு வைனுக்கு நாங்கள் சீனி போடுகிறோம். (விற்பதற்குச் செய்வதென்றால் மதுவரித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.) தோலகட்டி ஆச்சிரமத்தின் முந்திரிகை ரசம், நெல்லி ரசம் போன்றவற்றின் இனிப்புக்குப் பழகிய நாக்குக்கு, சீனி முழுவதும் நொதித்துத் தீர்ந்த வெளிறிய வைன் முதலில் புளிப்பாகவே தெரியும்.

3. ஐப்பசியில் தொடங்கும் மாரி. வருட மழையின் பெரும்பகுதி மூன்று மாதத்துக்குள் கொட்டும்போது, செப்பைக் குறைத்துக்கொண்டு பங்கசை வெல்வது லேசான காரியமல்ல. மாரியில் பழம் நிற்காதபடி கத்தரிக்கும் நாளைத் தள்ளி வைப்பதே முதல் மருந்து.

சரி, பண்ணை முறையாக நடக்குமா? இங்கேதான் எனக்கு நம்பிக்கை உண்டு, கவலையும் உண்டு. குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பதும் இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய மழைநீர். மேலே செம்மண், கீழே ஓட்டையும் வெடிப்புமான கல். தோட்டத்தில் போடும் யூரியாவின் மிச்சம் நைத்திரேற்றாக அந்த வெடிப்பு வழியே கிணற்றுக்கு இறங்குகிறது. தோட்டப் பகுதிகளின் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற வழிகாட்டல் அளவைத் தாண்டியிருக்கிறது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீர் அது. பயோடைனமிக் பற்றி யாழ்ப்பாணத்தில் பேச வேண்டிய முதல் காரணம் வைன் அல்ல, இந்தக் கிணறுதான்.

முதலாம் அடுக்கின் பாதி எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. தோட்டத்தில் பட்டி அடைத்தார்கள்: இரவில் மாட்டையும் ஆட்டையும் தரிசில் கட்டி, எருவும் சலமும் மண்ணிலேயே விழவிட்டு, சில நாளில் பட்டியை அடுத்த துண்டுக்கு மாற்றுவார்கள். வேலியில் நின்ற பூவரசை வெட்டிக் குழை தாழ்த்தார்கள், அதாவது இலையையும் கிளையையும் மண்ணில் புதைத்தார்கள். பண்ணை தன் எருவைத் தானே உண்டாக்க வேண்டும் என்று ஸ்டைனர் சொன்னது இந்த வேலையைத்தான். இன்று வேலி மதிலாகிவிட்டது, குழை இல்லை. மாட்டெரு வன்னியிலிருந்து லொறியில் வந்து இறங்குகிறது.

2021ஐ இந்த இடத்தில் மறக்க முடியாது. அந்த வருடம் ஏப்ரல் இறுதியில் அரசு இரசாயனப் பசளைக்குத் தடை அறிவித்தது, நவம்பரில் விலக்கிக்கொண்டது. இடைப்பட்ட மாதங்களில் விவசாயிகள் பட்ட பாட்டால் 'சேதனம்' என்ற சொல்லே கசந்துபோனது. ஆனால் டிமீற்றர் முறையில் முந்திரிகை போன்ற பல்லாண்டுப் பயிரை மாற்றக் கொடுக்கும் காலம் வழக்கமாக மூன்று வருடம். மண்ணில் உயிர் ஊற அவ்வளவு காலம் வேண்டும் என்பதே அதன் பொருள். அன்று நடந்ததை வைத்து இந்த முறையை எடைபோடுவது நியாயமில்லை.

எச்சரிக்கை ஒன்று. எருவும் கூடினால் நைத்திரேற்றாகக் கரையும், கோழி எரு இன்னும் வேகமாக. மாரிக்குச் சற்று முன்னர் எருவைக் கொட்டிவிட்டு, சேதனம்தானே என்று இருந்தால் கிணறு தப்பாது.

அந்தப் போத்தலை என்ன செய்வது?

இலேசான சிவப்பு வைனை 12 முதல் 14 பாகை செல்சியஸில் குடிப்பார்கள். 'அறை வெப்பநிலை' என்று ஐரோப்பிய நூல்கள் சொல்வது எங்கள் 30 பாகை அறையை அல்ல. இரண்டு மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். சூடாகக் குடித்தால் அற்ககோல் மட்டும் மூக்கில் ஏறும், செரி மணம் காணாமல் போகும். அடியில் மண்டி இருந்தால் பயப்பட வேண்டாம், வடிகட்டாமல் அடைத்த வைன் அது. எங்கள் கறிக்கும் இதுதான் பொருத்தம். தூள் கூடிய நண்டுக்கறியின் எரிவைத் தனினும் அற்ககோலும் இன்னும் கூட்டிவிடும். இந்த வைனில் இரண்டும் குறைவு.

முந்திரிகைப் பந்தல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை சொல்லலாம். பந்தலின் பாதிக்கு மட்டும் மூன்று வருடத்துக்கு யூரியாவை நிறுத்திப் பாருங்கள். அடியில் சணலையோ பயறையோ விதைத்துப் பூக்கும்போது மண்ணில் புரட்டுங்கள், மட்கிய மாட்டெருவை மாரி ஓய்ந்தபின் போடுங்கள். இரண்டு பாதியின் விளைச்சலையும் தனித்தனியே நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஐப்பசிக்கு முன் ஒரு தரம், தைக்குப் பின் ஒரு தரம் கிணற்று நீரை நைத்திரேற்றுப் பரிசோதனைக்குக் கொடுத்து, அந்த இலக்கத்தையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள்.